சிவப்பா, கறுப்பா, பச்சையா? கம்ப்யூட்டர் மேஜை முதல் பாத்ரூம் விளக்கு வரை, வீட்டு வயர்களை இனம் காண்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் சந்தேகம் ஒன்று உண்டு. பென் டிரைவைச் செருகுவதற்காக சிபியு பெட்டியின் பின்புறம் கையைக் கொண்டு போனால், விரலில் "சுர்" என்று லேசாக ஓர் உணர்வு. காலில் செருப்பு இருந்தால் தெரிவதில்லை. வெறுங்காலுடன் தரையில் நின்றால் நன்றாகவே தெரிகிறது. கம்ப்யூட்டர் பழுது என்று நினைத்து விற்ற கடைக்குப் போன் செய்கிறார்கள். இன்னும் சிலர் காலடியில் ரப்பர் பாய் ஒன்றைப் போட்டுவிட்டு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள்.

பெரும்பாலான வீடுகளில் இந்தக் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை. சுவருக்குள் ஓடும் வயரில் இருக்கிறது. அதே வயர்கள்தான் பாத்ரூமுக்கும் போகின்றன. அங்கே விளக்குடன் கூடிய புதிய கண்ணாடி ஒன்றை மாட்டும்போது அதே கோளாறு "சுர்" என்பதோடு நிற்காது. ஈரக் கை, ஈரத் தரை, உலோகக் குழாய் மூன்றும் அங்கே ஒன்றாக இருக்கின்றன.

எனவே சாக்கெட்டிலும் விளக்குப் பாயிண்ட்டிலும் எந்த வயர் எது என்று அறிவதைப் பற்றி இங்கு பார்க்கலாம். உங்களை எலக்ட்ரீஷியன் ஆக்குவது நோக்கமல்ல. வேலை செய்ய வருபவரிடம் சரியான கேள்வியைக் கேட்கவும், அவர் செய்ததைச் சரிபார்க்கவும் தெரிந்தால் போதும்.

மூன்று வயர்கள், மூன்று வேலைகள்

நம் நாட்டு வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். ஒரு பிளக் பாயிண்ட்டுக்கு மூன்று வயர்கள் வர வேண்டும்.

பேஸ்: மின்னழுத்தம் இருக்கும் வயர். தொட்டால் ஷாக் அடிப்பது இதுதான். ஸ்விட்ச், பியூஸ், எம்.சி.பி. ஆகியவை இந்த வயரில்தான் இருக்க வேண்டும்.

நியூட்ரல்: கருவிக்குள் சென்ற மின்சாரம் திரும்பி வரும் வழி. இதில் மின்னழுத்தம் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். ஆனால் கருவி இயங்கும்போது பேஸில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறதோ அவ்வளவும் இதிலும் ஓடுகிறது.

எர்த்: சாதாரண நேரத்தில் இதற்கு வேலை இல்லை. உள்ளே இன்சுலேஷன் பழுதாகி, பேஸ் வயர் கருவியின் உலோக உடலைத் தொட்டுவிட்டால் அந்த மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டு செல்வது இதுதான். அப்போது பெரிய அளவில் மின்சாரம் பாய்ந்து பியூஸ் போகும் அல்லது எம்.சி.பி. விழும். எர்த் இல்லையென்றால் எதுவும் விழாது. அந்தப் பெட்டியை அடுத்துத் தொடுபவரின் உடம்புதான் வழியாகும்.

எர்த் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் ஓடும், விளக்கு எரியும். அதனால்தான் பல வீடுகளில் அது இல்லாதது பல ஆண்டுகள் யாருக்கும் தெரிவதில்லை.

சாக்கெட்டில் எந்தத் துளை எது?

சுவரில் உள்ள மூன்று பின் சாக்கெட்டை நேராகப் பாருங்கள். மேலே உள்ள பெரிய துளை எர்த். கீழே வலது பக்கம் பேஸ், இடது பக்கம் நியூட்ரல். இதுவே முறையான அமைப்பு.

பிளக்கில் எர்த் பின் மற்ற இரண்டையும் விட நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். நீளமாக இருப்பதால், செருகும்போது முதலில் எர்த் இணைகிறது. உருவும்போது கடைசியாகப் பிரிகிறது. தடிமனாக இருப்பதால் தவறான துளைக்குள் போகாது. பிளக் சாக்கெட்டில் பொருந்தவில்லை என்று இந்தப் பின்னை வெட்டுவதும், மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றும் கன்வெர்ட்டரைப் பயன்படுத்துவதும் இந்தப் பாதுகாப்பைத் தூக்கி எறிவதற்குச் சமம். சில மலிவான எக்ஸ்டென்ஷன் பெட்டிகளில் எர்த் துளை இருக்கும். உள்ளே அதற்கு வயரே இணைக்கப்பட்டிருக்காது. வாங்கும்போது இதைச் சோதித்துப் பார்த்து வாங்குங்கள்.

பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் கம்ப்யூட்டர் வழக்கம் போல இயங்கும். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கும் பியூஸ் பெரும்பாலும் பேஸ் வழியில் மட்டும்தான் வைக்கப்படுகிறது. இடம் மாறினால் அந்தப் பியூஸ் போன பிறகும் உள்ளே மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். சில யு.பி.எஸ். கருவிகளில் வயரிங் தவறைக் காட்டும் தனி விளக்கு உண்டு. உங்கள் யு.பி.எஸ்.ஸில் அப்படி ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

நிறத்தை மட்டும் நம்பலாமா?

நம் வீடுகளில் நீண்ட காலப் பழக்கம் இது: சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். மூன்று பேஸ் இணைப்பு உள்ள வீடுகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ்.

இப்போது கம்ப்யூட்டரின் பவர் கார்டைப் பாருங்கள். அதன் உள்ளே பெரும்பாலும் பழுப்பு, நீலம், பச்சையும் மஞ்சளும் கலந்த கோடு என மூன்று வயர்கள் இருக்கும். இது சர்வதேச முறை. இதில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். ஆக, மெயின் போர்டில் பேஸாக இருக்கும் நீலம், பவர் கார்டில் நியூட்ரல்!

பிரிட்டனிலும் முன்பு சுவர் வயரிங்கில் சிவப்பும் கறுப்புமே இருந்தன. 2004 முதல் பழுப்பு, நீலம் அனுமதிக்கப்பட்டு, 2006 ஏப்ரல் முதல் புதிய வயரிங்குக்கு அவையே கட்டாயம் ஆயின. எனவே அங்குள்ள பழைய வீடுகளில் இரண்டு முறையும் கலந்து கிடக்கின்றன.

அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். அங்கே கறுப்புதான் பேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை அல்லது உறை இல்லாத செம்புக் கம்பி எர்த். அமெரிக்க வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டே நம் வீட்டு பாத்ரூமில் விளக்கு மாட்டினால் என்ன ஆகும்? அவர் கறுப்பு என்று சொல்லும் வயர் நம் வீட்டில் நியூட்ரல். அங்கு மின்னழுத்தமும் 120 வோல்ட்தான். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்த விளக்காக இருந்தால் லேபிளில் 220-240 அல்லது 100-240 வோல்ட் என்று அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே இணைக்க வேண்டும்.

இவை விதிப்படி செய்யப்பட்ட வயரிங்கின் கதை. வேலை நடந்த அன்று சிவப்பு வயர் தீர்ந்துவிட்டதால் கையில் இருந்த மஞ்சளைப் போட்ட வீடுகளும் உண்டு. முழு வீட்டுக்கும் ஒரே நிறத்தில் வயர் இழுத்த வீடுகளும் உண்டு. நிறத்தை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். முடிவைச் சோதித்த பிறகு எடுங்கள்.

கேபினட் ஏன் "சுர்" என்கிறது?

கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் பகுதி ஒன்று இருக்கிறது. அதில் ஒரு சிறிய கெபாசிட்டர் பேஸுக்கும் கேபினட்டுக்கும் இடையிலும், இன்னொன்று நியூட்ரலுக்கும் கேபினட்டுக்கும் இடையிலும் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் இவற்றின் வழியே கசியும் மின்சாரம் எர்த்தில் இறங்கிவிடும். எர்த் இல்லையென்றால் கேபினட் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும். அதாவது 230-ல் பாதி, சுமார் 115 வோல்ட் அதில் நிற்கும்.

ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இப்படிக் கசிவது பொதுவாக ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு. அதனால் சுர் என்பதோடு முடிகிறது. மானிட்டர், பிரிண்டர் எல்லாம் ஒன்றாக இணைந்திருந்தால் இது கூடும். பவர் ஆனில் இருக்கும்போது கேபிள்களைச் செருகி எடுத்தால் போர்ட்கள் கெடவும் வாய்ப்பு உண்டு.

ஆக, "சுர்" என்பது கம்ப்யூட்டர் உங்களுக்குத் தரும் தகவல்: இந்தப் பாயிண்ட்டில் எர்த் இல்லை. ரப்பர் பாய் போடுவது அந்தத் தகவலை மறைக்குமே தவிர எர்த்தைக் கொண்டு வராது.

டெஸ்டர் சொல்வதும் சொல்லாததும்

எல்லா வீட்டிலும் இருக்கும் நியான் டெஸ்டர் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: இங்கே மின்னழுத்தம் இருக்கிறதா? வலது கீழ்த் துளையில் எரிந்தால் பேஸ் சரியான இடத்தில் இருக்கிறது எனலாம்.

எரியாத இரண்டு துளைகளில் எது நியூட்ரல், எது எர்த் என்று அதற்குத் தெரியாது. அங்கே வயரே இல்லாவிட்டாலும் அது எரியாதுதான். மேலும் நியூட்ரல் எங்காவது அறுந்து, ஏதேனும் விளக்கோ விசிறியோ ஆனில் இருந்தால், அதன் வழியாகப் பேஸ் சுற்றி வந்து நியூட்ரல் துளையிலும் டெஸ்டரை எரிய வைக்கும். இரண்டு துளையிலும் எரிகிறது என்றால் நியூட்ரலைச் சந்தேகியுங்கள். ஈரக் கையால் டெஸ்டரைத் தொடவே கூடாது.

மீட்டர் வைத்துப் பார்ப்பது

டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் கூடுதலாக அறியலாம். ஏ.சி. வோல்டேஜில் 600 அல்லது 750 என்ற அளவுக்குத் திருப்ப வேண்டும். சிவப்பு லீடு வோல்ட் துளையில் இருக்க வேண்டும். 10 ஆம்பியர் துளையில் இருந்தபடி சாக்கெட்டில் வைத்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட் ஆகி மீட்டரே வெடிக்கலாம். சரியான பாயிண்ட்டில் கிடைக்க வேண்டிய அளவுகள் இவை:

பேஸ் - நியூட்ரல்: சுமார் 230 வோல்ட்.
பேஸ் - எர்த்: ஏறக்குறைய அதே அளவு.
நியூட்ரல் - எர்த்: பூஜ்யத்துக்கு அருகில், ஓரிரு வோல்ட்.

பேஸ் - எர்த் அளவு 60, 90 என்று நிலையில்லாமல் அலைந்தால் எர்த் துளைக்கு வயர் வரவில்லை அல்லது வழியில் அறுந்திருக்கிறது என்று பொருள். ஆனால் அளவு சரியாக இருந்தால் எர்த்தும் சரி என்று முடிவு செய்துவிட முடியாது. மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மிக மிகக் குறைவு. மெலிந்து துருப்பிடித்த எர்த்தும் அதற்குப் போதும்.

இதற்காகத்தான் எலக்ட்ரீஷியன்கள் 60 வாட் குண்டு பல்பைப் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் வைத்துப் பார்க்கிறார்கள். முழு வெளிச்சத்தில் எரிந்தால் எர்த் ஓரளவு மின்சாரம் தாங்குகிறது என அறியலாம். மங்கினால் எர்த் பலவீனம். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் பல்ப் எரியாமல் ஆர்.சி.சி.பி.யே விழுந்துவிடும். அந்தப் பல்ப் இழுப்பது சுமார் 260 மில்லி ஆம்பியர். அதனால் அது விழுவது சரிதான். இந்தச் சோதனையை அவர் செய்யட்டும். நீங்கள் அருகிலிருந்து பாருங்கள்.

ஆபத்தான குறுக்கு வழி

"சார், கேபினட்டில் ஷாக் அடிக்கிறது" என்று சொன்னால் ஐந்து நிமிடத்தில் சரி செய்துவிடும் சிலர் உண்டு. சாக்கெட்டைத் திறந்து, நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு வயரை இணைத்துவிடுவார்கள். சுர் என்பது உடனே நின்றுவிடும். மீட்டரில் நியூட்ரல் - எர்த் அளவும் அழகாகப் பூஜ்யம் காட்டும்.

ஆனால் என்றாவது அந்த நியூட்ரல் வயர் வழியில் எங்காவது கழன்றால், கம்ப்யூட்டருக்குள் சென்ற பேஸ் அந்தத் துண்டு வயர் வழியாகக் கேபினட்டுக்கு வந்துவிடும். முன்பு அரை மில்லி ஆம்பியரில் சுர் என்ற அதே பெட்டியில் இப்போது 230 வோல்ட் இருக்கும். அதைத் தடுக்க எந்த எம்.சி.பி.யும் விழாது. மனித உடலில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய்வதே உயிருக்கு ஆபத்து. எனவே சாக்கெட்டைச் சரி செய்த பின் மூடுவதற்கு முன்பு ஒரு முறை எட்டிப் பாருங்கள். அப்படி ஒரு துண்டு வயர் இருந்தால் உடனே நீக்கச் சொல்லுங்கள். எர்த் வயர் மெயின் போர்டில் உள்ள எர்த்திலிருந்து தனியாக வர வேண்டும்.

பாத்ரூம் விளக்கை மாற்றும்போது

விளக்குப் பாயிண்ட்டில் வயர்களை இனம் காண்பது இன்னும் சற்றுக் கடினம். பழைய வீடுகளில் விளக்குக்கு இரண்டே வயர்கள் வரும்: ஸ்விட்சிலிருந்து வரும் பேஸ், நேரே வரும் நியூட்ரல். இரண்டும் ஒரே நிறத்தில் இருக்கலாம். எர்த் வயர் இழுக்கப்படாமலும் இருக்கலாம்.

எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்து, வீட்டு எர்த்தோடு ஒப்பிட்டு ஒவ்வொரு வயரையும் ஸ்விட்ச் ஆனிலும் ஆஃபிலும் பார்க்க வேண்டும். ஆனில் 230, ஆஃபில் பூஜ்யம் என்று மாறுவது பேஸ். இரண்டிலும் பூஜ்யத்துக்கு அருகில் இருப்பது நியூட்ரல். ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும்போதும் ஏதேனும் ஒரு வயரில் 230 இருந்தால் அங்கே நிறுத்துங்கள். ஸ்விட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருக்கலாம், அல்லது அது வேறொரு கருவிக்குப் போகும் வயராக இருக்கலாம். முதல் வகையில் விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். பல்ப் மாற்றும்போது ஷாக் அடிப்பது இப்படித்தான்.

விளக்கின் லேபிளையும் பாருங்கள். சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் உள்ள கருவி. அதற்கு எர்த் தேவையில்லை. லேப்டாப், மொபைல் சார்ஜர்கள் பலவற்றிலும் இந்தக் குறியைக் காணலாம். இந்தக் குறி இல்லாமல் உலோக உடலும் பச்சை-மஞ்சள் வயரும் இருந்தால், எர்த் இல்லாத பாயிண்ட்டில் அதை மாட்டக் கூடாது. தண்ணீர் தெறிக்கும் இடமானால் ஐ.பி. 44 அல்லது அதற்கு மேற்பட்ட எண் உள்ளதை வாங்குங்கள். ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருப்பதே நல்லது.

ஆஃப் செய்தது உண்மையில் ஆஃப் ஆனதா?

வேலை தொடங்கும் முன் எம்.சி.பி.யை ஆஃப் செய்கிறோம். நம் வீடுகளில் அது மட்டும் போதாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தவுடன், மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்கிவிடும். இன்வெர்ட்டரில் இணைத்திருப்பது பெரும்பாலும் விளக்கு, விசிறி லைன்கள்தான். பாத்ரூம் விளக்கும் அதில் இருக்கும். எனவே இன்வெர்ட்டரையும் ஆஃப் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸும் அப்படித்தான். சுவரிலிருந்து பிளக்கை உருவிய பின்னும் அதன் பின்புற சாக்கெட்டுகளில் 230 வோல்ட் இருக்கும்.

அணைத்த பின் மூன்று முறை சோதியுங்கள். முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான வேறொரு இடத்தில் டெஸ்டர் எரிகிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யும் இடத்தில் எரியவில்லை என்று பாருங்கள். மீண்டும் முதல் இடத்தில் பாருங்கள். நடுவில் டெஸ்டரே பழுதாகியிருந்தால் மூன்றாவது முறை காட்டிக்கொடுத்துவிடும். வீடு முழுவதையும் அணைத்திருந்தால், அணைக்கும் முன்பும் வேலை முடிந்து போட்ட பின்பும் டெஸ்டரைச் சரிபார்க்கலாம்.

ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். ஆனால் அது விழுவதால் எர்த் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அந்தப் பட்டன் எர்த் இல்லாமலேயே வேலை செய்யும்.

கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் தயாரியுங்கள்

புதிய கம்ப்யூட்டரில் முதலில் என்ன செய்து பழகலாம் என்று கேட்பவர்களுக்கு இதோ ஒரு நல்ல பயிற்சி. எக்ஸெல் அல்லது கால்க் புரோகிராமைத் திறந்து நான்கு நெடுவரிசைகள் அமைத்திடுங்கள்: எம்.சி.பி. எண், எந்த அறை, எந்தெந்தப் பாயிண்ட், இன்வெர்ட்டரில் உண்டா இல்லையா. ஒவ்வொரு எம்.சி.பி.யாக அணைத்து, எவை நிற்கின்றன என்று பார்த்து நிரப்புங்கள். இதைத் தொடங்கும் முன் கம்ப்யூட்டரை முறையாக ஷட் டவுன் செய்துவிட்டு, முதலில் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அச்சிட்டு மெயின் போர்டு கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். பழைய விளக்கைக் கழற்றும் முன் வயர் இணைப்பை மொபைலில் படம் எடுத்து, அதே போல்டரில் சேமித்து வையுங்கள்.

எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியவை

உரிமம் பெற்ற மின்கம்பியாளரைக் கொண்டே இந்த வேலைகளைச் செய்யுங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை:

1. கம்ப்யூட்டர் பாயிண்ட்டில் பேஸ் வலது பக்கம் இருக்கிறதா?
2. எர்த் வயர் மெயின் போர்டிலிருந்து தனியாக வருகிறதா, இல்லை நியூட்ரலோடு இணைக்கப்பட்டிருக்கிறதா?
3. டெஸ்ட் பல்ப் வைத்து எர்த்தைக் காட்ட முடியுமா?
4. பாத்ரூம் விளக்கு ஸ்விட்ச் பேஸில்தான் இருக்கிறதா?
5. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உண்டா? இன்வெர்ட்டர் லைனும் அதன் பாதுகாப்பில் வருகிறதா?

ஐந்தாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. இன்வெர்ட்டர் லைன் தனியாகப் போகும் வீடுகளில், கரண்ட் இல்லாத நேரத்தில் பாத்ரூம் விளக்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகலாம். இந்த வாரம் யாரேனும் மின்வேலைக்கு உங்கள் வீட்டுக்கு வந்தால், இந்த ஐந்தையும் கேட்டுவிடுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் ஏற்கனவே "சுர்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவர் வரும் வரை காத்திருக்காமல் இன்றே வரச் சொல்லுங்கள்.